வெள்ளத்துக்குப் பின் ஒரு வீட்டுக்கடன்: நெல்லையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நான் வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் தெரிந்தவர்களுக்குக் கடன் கணக்கைப் படித்துச் சொல்வது, வங்கிக்கு மனு எழுதிக் கொடுப்பது என்று பொழுது போகிறது. கீழே உள்ளது அப்படி என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் விவகாரம். அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், தெரு, வங்கி, கிளை எதுவும் இதில் இல்லை.

பின்னணி

கணவருக்கு அப்போது வயது 53. திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய பகுதியில் ஒரு வாடகைக் கடையில் அச்சகம் நடத்தி வந்தார். ஒரு மினி ஆப்செட், ஒரு கட்டிங் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ் என்று வருஷம் முழுக்கச் சில்லறை வேலை. காசு பார்ப்பது என்னவோ மார்கழி, தை மாதங்களில்தான். சிவகாசியிலிருந்து தினசரி காலண்டரை மொத்தமாக இறக்கி, கடைக்காரர்களின் பெயரை அடித்துக் கொடுப்பார். அந்த வரும்படிதான் அடுத்த ஆறு மாதத்தைத் தாங்கும். மனைவிக்குத் தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை, சம்பளம் 9,000 ரூபாய்.

வீடு பாளையங்கோட்டையின் தெற்குப் பக்கம், மேட்டுப் பகுதியில் இருக்கிறது. 2017-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் 15 லட்சம் கடன் வாங்கிக் கட்டியது. மாறும் வட்டி, 15 வருடம், மாதத் தவணை 14,771 ரூபாய். 2021-ல் அதே கிளையில் மெஷினுக்காக 5 லட்சம் முத்ரா கடன், அதாவது சிறுதொழிலுக்கான அரசுத் திட்டக் கடன் எடுத்தார். அதற்கு 5 வருடம், 11 சதவீத வட்டி, தவணை 10,871. வீட்டுக்கடன் தவணை 5-ஆம் தேதி, முத்ரா தவணை 1-ஆம் தேதி. இரண்டும் ஒரே சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். இந்தத் தேதி வரிசை பின்னால் முக்கியமாகிறது.

வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவது இங்கே புதிதல்ல. அதை வைத்துத்தான் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஊர் கணக்குப் போடும். ஆனால் அந்த முறை சந்திப்புப் பக்கத்துத் தெருக்களுக்குள்ளேயே ஆறு வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது எடுத்த படங்களைப் பார்த்தேன். காகித ரீம்கள் நீரைக் குடித்து உப்பி, ரேக்கின் இரும்புச் சட்டத்தையே வெளியே தள்ளியிருந்தன. கட்டி அனுப்பத் தயாராக இருந்த காலண்டர்கள் கூழாகிவிட்டன. மெஷினின் ரப்பர் ரோலர்களுக்கு இடையில் வண்டல் இறுகியிருந்தது. மோட்டாரும் மின்பலகையும் போயிற்று. காலண்டருக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வேறு கேட்டு வரத் தொடங்கினார்கள்.

வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

முதல் இரண்டு தவணைகள்

ஜனவரி 1-ஆம் தேதி கணக்கில் இருந்த பணத்தை முத்ரா தவணை எடுத்துக்கொண்டது. 5-ஆம் தேதி வீட்டுக்கடன் தவணைக்கு மிச்சம் போதவில்லை. திரும்பிவிட்டது, 590 ரூபாய் அபராதத்தோடு. பிப்ரவரியிலும் இதே கதை. எந்தக் கடனை முதலில் கட்டுவது என்று இவர்கள் யோசித்து எடுத்த முடிவு அல்ல இது, தேதி வரிசை செய்த வேலை. கணவர் ஜனவரியில் மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 40,000 வாங்கி, மோட்டாரைச் சுற்றக் கொடுத்திருந்தார்.

ஜனவரி இரண்டாம் வாரம் கிளைக்குப் போய் மேனேஜரிடம் நேரில் கேட்டிருக்கிறார். ஆறு மாதம் வீட்டுத் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்பது கேள்வி. மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினாராம். "உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலையே சார், எதை வச்சு எழுதுறது? மேல கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். மறுபடி போனபோதும் அதே பதில். இவர் எழுதிக் கொடுக்கவில்லை, அவரும் எழுதித் தரச் சொல்லவில்லை. வங்கியின் பதிவேட்டைப் பொறுத்தவரை இப்படி ஒருவர் வந்து கேட்டதே நடக்கவில்லை.

பிப்ரவரி மூன்றாம் வாரம் வசூல் ஆள் ஒருவர் வீட்டு வாசலில் நின்று "ஜப்தி" என்ற சொல்லைப் பயன்படுத்திய பிறகுதான் இருவரும் என்னிடம் வந்தார்கள். அந்த அம்மா சொன்னது: "அண்ணாச்சி, பிரஸ் போனா போகட்டும். வீட்டை மட்டும் விட்டுறக் கூடாது."

கணக்கைப் பார்த்தபோது

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. தவணை தவறி 90 நாள் தாண்டினால்தான் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு, அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவில் நோட்டீஸ் வர வேண்டும், அதற்கு 60 நாள் அவகாசம். ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் சுவாதீன நடவடிக்கைக்குப் போனால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆக, நாளைக் காலையில் யாரும் பூட்டுப் போட வரப்போவதில்லை. ஆனால் 90 நாள் கணக்கு ஜனவரி 5-ல் ஓடத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் முதல் வாரம் முடியும்.

அடுத்து வீட்டுக்கடன் ஸ்டேட்மென்ட். மூல ஒப்பந்தப்படி வெள்ளத்தின்போது 106 தவணை மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் 128 இருந்தது. 2020-ல் கொரோனாவுக்காக ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைத்தார்கள், அந்த வட்டி அசலோடு சேர்ந்தது. பிறகு 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. வங்கி தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டது. கணவருக்கு இது தெரியாது. தவணை ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்.

பாக்கி அசல் சுமார் 12 லட்சம், வட்டி 9.2 சதவீதம். மாத வட்டியே 9,200 ரூபாய். கடனை இன்னும் ஐந்து வருடம் நீட்டினாலும் தவணை 12,000 சொச்சத்துக்குத்தான் இறங்கும். மாதம் 2,700 ரூபாய் மிச்சத்துக்காக 69 வயது வரை கட்ட வேண்டும்.

முத்ரா கணக்கில் பிப்ரவரி தவணை வரை ஒழுங்காகப் போயிருந்தது. பாக்கி 2 லட்சத்து 84 ஆயிரம், 30 தவணை. அந்த ஒரு தவணையை நிறுத்தி வைத்தால் மாதம் 10,871 ரூபாய் கையில் நிற்கும்.

எடுத்த முடிவும் காரணமும்

வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நிவாரணத்தை வீட்டுக்கடனில் கேட்கக் கூடாது, முத்ரா கடனில் கேட்க வேண்டும் என்று சொன்னேன். இருவருக்கும் இது பிடிக்கவில்லை. "அடமானத்துல இருக்கிறது வீடுல்லா?" என்று கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

காரணங்கள் வங்கியின் பக்கத்தில் இருக்கின்றன. கஷ்டத்தில் இருக்கும் ஒருவரின் கடனை வங்கி மறுசீரமைத்தால், அதாவது தவணையையும் காலத்தையும் மாற்றி எழுதினால், வழக்கமான விதிப்படி அந்தக் கணக்கு அப்போதே வாராக்கடன் வகைக்குப் போய்விடும். சலுகை கொடுத்த மேனேஜரின் கிளையில் ஒரு வாராக்கடன் கூடும். "மேல கேட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியம் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. இதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று இயற்கைப் பேரிடர். ரிசர்வ் வங்கி 2018-ல் தொகுத்து வெளியிட்டு அப்போது நடப்பில் இருந்த பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி, பேரிடர் நடந்த மூன்று மாதத்துக்குள் மறுசீரமைப்பை முடித்தால் கணக்கு நல்ல கணக்காகவே நீடிக்க முடிந்தது. அந்த நெறிமுறை பயிர்க்கடனுக்கு அடுத்தபடியாகக் கைவினைஞர், வணிகர், சிறுதொழில் கடன்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. வீட்டுக்கடனைப் பெயர் சொல்லவில்லை. மேனேஜர் சொன்ன "எதை வச்சு எழுதுறது" என்பதற்கு முத்ரா கடனில் பதில் இருந்தது: மூழ்கிய மெஷின்.

இன்னொன்று, வாராக்கடன் கணக்கு ஆளை வைத்துத்தான், கடனை வைத்து அல்ல. ஒருவருடைய ஒரு கடன் வாராக்கடன் ஆனால் அதே வங்கியில் அவர் வாங்கிய மற்றக் கடன்களும் அந்த வகைக்குப் போகும். வீட்டுக்கடன் ஏப்ரலில் விழுந்தால் ஒழுங்காக ஓடும் முத்ராவும் சேர்ந்து விழும். இதை மனுவில் எழுதினால் வங்கிக்கும் உறைக்கும்.

மூன்று மாதக் கெடு மார்ச் 17-ல் முடிகிறது. அது ஞாயிற்றுக்கிழமை வேறு.

கூடவே ஒரு சின்ன ஏற்பாடு. வசூலாகும் பணத்தை அந்தச் சேமிப்புக் கணக்கில் போடுவதை நிறுத்தி, நேராக வீட்டுக்கடன் கணக்கு எண்ணிலேயே செலுத்தச் சொன்னேன். நாள் கணக்கு மிகப் பழைய நிலுவையிலிருந்துதான் ஓடும். ஒரு தவணை கட்டினால் ஜனவரி பாக்கி தீர்ந்து, கடிகாரம் பிப்ரவரி 5-க்கு நகரும்.

விண்ணப்பம்

பிப்ரவரி 26-ஆம் தேதி மனு கொடுக்கப்பட்டது. ஒரே உறையில் இரண்டு கடிதம். முதலாவது முத்ரா கடனுக்கு: பேரிடர் நெறிமுறையைக் குறிப்பிட்டு, 12 மாதம் தவணை நிறுத்தம், அதன் பின் 36 மாதத் தவணை. இரண்டாவது வீட்டுக்கடனுக்கு: மூன்று மாதத் தள்ளிவைப்பு. இரண்டாவது கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதினோம். ஜனவரியிலிருந்து வாய்மொழியாகக் கேட்டதற்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும். மறுத்தாலும் சரி.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, கடை வாடகை ஒப்பந்தம், தண்ணீர் நின்ற அளவு தெரியும் படங்கள், கிராம நிர்வாக அலுவலர் சான்று, மெக்கானிக்கின் மதிப்பீடு, இரண்டு வருட வருமான வரிக் கணக்கு ஆகியவை இணைப்பு. சான்று வாங்குவதில்தான் அதிக நேரம் போனது. அந்த நாட்களில் நிவாரண வேலைக்கே அலுவலர்களுக்கு நேரம் போதவில்லை.

மனுவின் உயிர் ஒரு சின்னக் கணக்கில் இருந்தது. இப்போது அச்சகத்தில் டிசைன் வேலையும் ஜெராக்ஸும் சேர்த்து மாதம் 18,000. மனைவி சம்பளம் 9,000. ஆக 27,000. வீட்டுச் செலவு 12,000. மிச்சம் 15,000. வீட்டுத் தவணை 14,771. இரண்டு கடனில் ஒன்றைத்தான் கட்ட முடியும், வீட்டுக்கடனை ஒரு மாதம் விடாமல் கட்டுகிறோம், மற்றதை ஒரு வருடம் நிறுத்துங்கள் என்று எழுதினோம். கஷ்டத்தை விவரித்து முதலில் அவர் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டோம். அவருக்கு வருத்தம்தான்.

நகலில் தேதியோடு கிளை முத்திரை வாங்கினார். முத்திரை போட முதலில் தயங்கியிருக்கிறார்கள். "அப்போ ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிக்கிடுதேன் சார்" என்று இவர் எழுந்ததும் போட்டுக் கொடுத்தார்களாம். அதே மனு வட்டார அலுவலகத்துக்கும் தபாலில் போனது.

பதில்

மார்ச் முதல் வாரத்தில் பீல்டு ஆபீசர் கடைக்கு நேரில் வந்தார். மெஷினைப் பார்த்தார், சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் படம் எடுத்தார். மார்ச் 12-ஆம் தேதி, பழைய வசூல் பாக்கியைத் திரட்டி வீட்டுக்கடனில் 14,771 கட்டினார்கள். மார்ச் 14-ஆம் தேதி முத்ரா கடனுக்கான மறுசீரமைப்பு உத்தரவு வந்தது, கேட்டபடியே 12 மாதம் நிறுத்தம், பின் 36 தவணை. வீட்டுக்கடன் கோரிக்கை, அடமானச் சொத்துக்குச் சேதம் இல்லை என்ற காரணத்தோடு எழுத்தில் மறுக்கப்பட்டது.

இந்தச் சலுகைக்கு விலை உண்டு. நிறுத்திய வருடத்தின் வட்டி அசலோடு சேர்ந்து, பாக்கி சுமார் 3 லட்சத்து 17 ஆயிரம் ஆகும். புதிய தவணை சுமார் 10,400. மொத்தத்தில் பழைய கணக்கைவிட 47,000 ரூபாய் போலக் கூடுதலாகக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இதை எழுதிக் காட்டினேன். ஒரு நாள் யோசித்துவிட்டுத்தான் போட்டார்கள்.

ஏப்ரல் மாதச் சிக்கல்

உத்தரவு வந்த நிம்மதியில் ஏப்ரல் வீட்டுத் தவணைக்காகப் பழையபடி சேமிப்புக் கணக்கில் 15,000 போட்டு வைத்தார் கணவர். ஏப்ரல் 1 வங்கி ஆண்டுக் கணக்கு முடிப்பு. 2-ஆம் தேதி முத்ரா தவணை 10,871 தானாகப் பிடிக்கப்பட்டது. உத்தரவு கோப்பில் ஏறியிருக்கிறது, தானாகப் பணம் பிடிக்கும் ஆணையை யாரும் நிறுத்தவில்லை. 5-ஆம் தேதி வீட்டுத் தவணை மறுபடி திரும்பியது.

இந்த முறை அவர் நேரில் போய்ப் பேசிக்கொண்டு நிற்கவில்லை. உத்தரவின் நகலை இணைத்து ஒரு பக்கப் புகார் கொடுத்தார். 30 நாளுக்குள் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் முறையிடுவேன் என்று கடைசி வரி. அந்தத் திட்டம் 2021 நவம்பரில் வந்தது, கட்டணம் கிடையாது. கடன் கொடு, சலுகை கொடு என்று வங்கியைக் கட்டாயப்படுத்த அது பயன்படாது, அது வங்கியின் வணிக முடிவு. கொடுத்த உத்தரவைச் செயல்படுத்தாதது சேவைக் குறைபாடு, அதற்கு அது சரியான இடம். அங்கே போகும் தேவை வரவில்லை. ஏப்ரல் 18-ல் 10,871 ரூபாயும், அந்த மாத அபராதமும் திரும்ப வரவு வைக்கப்பட்டன. அன்றே வீட்டுக்கடனில் கட்டினார்கள்.

அதன் பிறகு

2024 முழுக்க வீட்டுக்கடன் இரண்டு தவணை பின்தங்கியே ஓடியது. ஒவ்வொரு மாதமும் 60 நாளைத் தாண்டி, வசூல் பிரிவிலிருந்து போன் வந்து, மாத நடுவில் ஒரு தவணை கட்டுவார்கள். வாராக்கடன் ஆகவில்லை. ஆனால் ஒருவர் கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தாமதம் பதிந்தது, முத்ராவுக்கு மறுசீரமைப்புக் குறிப்பும் ஏறியது. மகளின் மேற்படிப்புக்கு அந்த வருடம் கல்விக்கடன் கேட்கலாமா என்று பேசினார்கள், தள்ளிப் போட்டார்கள்.

மெஷின் மோட்டார் சரியானாலும் ரோலர் மாற்றக் கையில் பணம் இல்லை. அச்சடிப்பைச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டு, டிசைனும் ஆர்டரும் மட்டும் தானே பார்க்கத் தொடங்கினார். கடை வாடகையில் பாதி குறைந்தது, லாபமும்தான். 2025 ஜனவரியில் காலண்டர் பணம் வந்ததும் வீட்டுக்கடன் நிலுவை முழுவதையும் கட்டி முடித்தார். ஏப்ரல் 2025 முதல் முத்ரா தவணை மறுபடி தொடங்கியது. அதே வருடம் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ 6.5-லிருந்து 5.5 சதவீதத்துக்கு இறங்கியதில் வீட்டுக்கடன் காலம் சற்றுச் சுருங்கியிருக்கிறது. தவணை அதேதான். சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை.

மாற்றிக்கொண்டவையும் மாற்ற வேண்டியவையும்

இரண்டு தவணையின் தேதி வரிசையை மாற்றிவிட்டார்கள்: வீட்டுக்கடன் முன்னே, முத்ரா பின்னே. இதற்கு ஒரு மனு போதுமாக இருந்தது. கையில் பணம் குறையும்போது எந்தக் கடன் நிற்கும் என்பதை இனி அவர்கள் தீர்மானிப்பார்கள்.

ஜனவரியில் கிளைக்குப் போனபோதே இந்த மனு எழுத்தில் போயிருந்தால், கெடுவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். சங்கிலியும் ஒருவேளை அடகுக்குப் போயிருக்காது. வங்கிப் பக்கம் பார்த்தால், அதே வாடிக்கையாளருக்கு அதே கிளையில் ஒரு தொழில் கடன் இருப்பது மேனேஜரின் திரையில் தெரிந்திருக்கும். "வீட்டுக்கு வழியில்லை, மெஷின் கடனுக்கு எழுதிக் கொடுங்க" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறதோ இல்லையோ, வெள்ளம் வந்த ஊரில் அதை எதிர்பார்ப்பது அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

காப்பீடு பற்றி ஒன்று. முத்ரா ஸ்டேட்மென்டில் 2021-ல் மெஷினுக்கான காப்பீட்டு பிரீமியம் ஒரு முறை பிடிக்கப்பட்டிருந்தது. அதன் பின் இல்லை. வங்கி புதுப்பிக்கும் என்று இவர் நினைத்திருந்தார். ஒப்பந்தத்தில் அது கடன் வாங்கியவரின் பொறுப்பு என்று இருக்கிறது. அது உயிரோடு இருந்து, வெள்ளத்துக்கும் பொருந்தியிருந்தால், இந்த மனுக்களில் பாதிக்குத் தேவை வந்திருக்காது. இப்போது கடையில் மிச்சம் இருப்பது கட்டிங் மெஷினும் கம்ப்யூட்டர்களும்தான். அவற்றுக்கு அவரே நேரில் போய் பாலிசி எடுத்து, ரசீது நகல் ஒன்றைக் கிளையிலும் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறார்.